ஒரே உடலில் இரண்டு பகைவர்கள்!

காச நோயும் புற்று நோயும் சேர்ந்து வந்தால் கண்டுபிடிப்பது எப்படி?

விடாத இருமல். மாலையில் காய்ச்சல். உடல் இளைக்கிறது. சளியில் ரத்தம்.

இது என்ன நோய்?

"காச நோய்" என்று உடனே சொல்லி விடுவோம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நுரையீரல் புற்று நோய்க்கும் ஏறக்குறைய இதே அடையாளங்கள்தான். சிலருக்கு இரண்டு நோய்களும் ஒரே சமயத்தில் இருப்பது உண்டு!

உலகத்தில் உள்ள காச நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். 2025-ம் ஆண்டுக்குள் இந்த நோயை ஒழிப்பது என்று 2018-ல் இந்திய அரசு அறிவித்தது. ஆனால் நோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. ஆகவே இருமல் என்றதும் இங்கே முதல் சந்தேகம் காச நோய் மீதுதான். அதனால் புற்று நோய் தாமதமாகத் தெரிய வருவதும் உண்டு.

தூங்கும் கிருமி

காச நோய்க் கிருமி பலருடைய உடலில் பல ஆண்டுகள் தூங்கிக் கிடக்கும். உடலில் வலு உள்ள வரை அது தலை தூக்காது. புற்று நோயும், அதற்குக் கொடுக்கும் கடுமையான மருந்துகளும் அந்த வலுவைக் குறைக்கின்றன. அப்போது கிருமி விழித்துக் கொள்கிறது.

படம் மட்டும் போதாது

எக்ஸ்ரே படத்தில் இரண்டு நோய்களும் நிழலாகத்தான் தெரியும். "பெட் ஸ்கேன்" படத்தில் கூட, காச நோய்ப் புண்ணும் புற்றுக் கட்டியைப் போலவே ஒளி விடும்.

சளியில் கிருமி இருக்கிறதா என்பதை இப்போது ஒரு கருவி சுமார் 2 மணி நேரத்தில் சொல்லி விடுகிறது. ஆனால் கிருமி இருக்கிறது என்றால், புற்று நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது. புற்று நோயை உறுதி செய்ய, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

இரண்டு குப்பிகள்

துணுக்கு கெடாமல் இருக்க, அதைப் பார்மலின் என்ற திரவத்தில் போட்டு அனுப்புவார்கள். புற்று நோய்ச் சோதனைக்கு அது நல்லது. ஆனால் பார்மலின் கிருமிகளைக் கொன்று விடும். பிறகு காச நோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.

ஆகவே இரண்டு நோய்களிலும் சந்தேகம் இருந்தால், இரண்டு குப்பிகள் வேண்டும். ஒன்றில் பார்மலின், மற்றொன்றில் சலைன் என்னும் உப்பு நீர். ஒரே குப்பி போனால், மறுபடியும் ஊசி குத்த நேரிடும். நாளும் வீணாகும்.

நீங்கள் செய்ய வேண்டியது

காச நோய்க்கு ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் 2 மாதத்தில் குணம் தெரியவில்லையா? மருந்துக்கு அடங்காத காசமாக இருக்கலாம். புற்று நோயாகவும் இருக்கலாம். மறு சோதனை கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

புற்று நோய்க்குச் சிகிச்சை பெறுகிறவருக்குப் புதிதாக இருமலும் காய்ச்சலும் வருகிறதா? "புற்று முற்றி விட்டது" என்று மனம் உடைந்து விட வேண்டாம். அது காச நோயாக இருக்கலாம். காச நோய் குணமாகக் கூடியது. அரசு ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம்.

ஒரு டாக்டர் கொடுத்த மருந்துச் சீட்டை மற்ற டாக்டரிடமும் காட்டுங்கள். ரிபாம்பிசின் என்னும் காச மருந்து, சில புற்று நோய் மருந்துகளின் சக்தியைக் குறைத்து விடும்.

ஒரு நோய் தெரிந்ததும் தேடுவதை நிறுத்தி விடக் கூடாது. "வேறு ஏதாவது இருக்குமா, டாக்டர்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றலாம்!