வீட்டு வேலை நம் கையில்: சுவர் மொசைக் கழன்று விழுகிறதா?



குளித்துக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து ஒரு மொசைக் கல் கழன்று காலடியில் விழுந்து உடைந்தால் எப்படி இருக்கும்? சோப்புத் தண்ணீரில் நிற்கும் வெறுங்காலுக்கு அந்த உடைந்த விளிம்பு கத்திக்குச் சமம். அதுவும் குழந்தைகளும் வயதானவர்களும் புழங்கும் இடம். ஆனாலும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? விழுந்த கல்லை ஓர் ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டு, "தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். தீபாவளி வருவதற்குள் பக்கத்துக் கல்லும் கையோடு வந்துவிடுகிறது!

குருபோங், செங், பத்து பெரண்டாம் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த குடும்பங்கள் பல. குழாயடியில் வாளி வைத்துக் குளித்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. இப்போது வீட்டுக்குள்ளேயே குளியலறை, சுவரெல்லாம் மொசைக், மேலே பூந்தூறல் குழாய். வசதி வந்தால் அதைக் காக்கும் வேலையும் கூடவே வரும் அல்லவா? குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்திருந்தாலும், வாடகை, பள்ளிச் செலவு, மளிகை போக மிஞ்சுவது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். நாலைந்து கல்லை ஒட்டக் கொத்தனாரை அழைக்க வேண்டியதில்லை. பொறுமையும் சில சாமான்களும் இருந்தால் போதும்.

<b>கல் ஏன் கழல்கிறது?</b>

மலாக்கா ஊருக்குள் துன் டான் செங் லோக் சாலையில், பழைய ஹீரன் தெருவில், பாபா வீடுகளின் முகப்பில் பூப்போட்ட கற்களைப் பார்த்திருப்பீர்கள். 2008இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த பகுதி அது. அந்தக் கற்கள் எத்தனையோ காலமாகச் சுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நம் வீட்டுக் கல் மட்டும் ஏன் பத்து வருடம்கூடத் தாங்குவதில்லை? ஒன்றை மறக்க வேண்டாம். அந்த முகப்பில் தினமும் இரண்டு வேளை யாரும் தண்ணீர் ஊற்றிக் குளிப்பதில்லை!

குளியலறைச் சுவருக்கு எதிரி தண்ணீர்தான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்குப் பூச்சில் மயிரிழை விரிசல் விட்டால் போதும். தண்ணீர் உள்ளே போய்ப் பின்னால் உள்ள சாந்தை நாளடைவில் இளக்கிவிடும். இரண்டாவது காரணம், அவசர வேலை. கல்லின் முதுகு முழுவதும் சாந்து தடவாமல், நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டியிருப்பார்கள். நடுவே பொள்ளல் விழுந்து, அதில் தண்ணீர் தங்கிவிடும். மூன்றாவது, மணலும் சிமெண்டும் கலந்த சாந்தில் பதிக்கும்போது கல்லை நீரில் ஊற வைக்காமல் விட்டிருப்பார்கள். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட, சாந்து இறுகாமல் பொடியாகவே நின்றுவிடும்.

<b>முதலில் சோதனை</b>

ஓர் ஐம்பது காசு நாணயத்தால் ஒவ்வொரு கல்லையும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்ல கல். காலி டின்னைத் தட்டியதுபோல் கேட்டால் பின்னால் பொள்ளல். அந்தக் கற்களில் பென்சிலால் குறி போட்டுக்கொள்ளுங்கள். விழுந்தது ஒன்றாக இருக்கலாம், விழக் காத்திருப்பது ஐந்தாக இருக்கலாம்.

அடுத்து, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் அப்போதும் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. சுவருக்குள் ஓடும் குழாய்தான் ஒழுகுகிறது என்றால், அதைச் சரிசெய்யாமல் கல் ஒட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவதுபோல்தான்.

<b>செலவு யாருடையது?</b>

உளியை எடுப்பதற்கு முன் இதைக் கட்டாயம் யோசியுங்கள். புது வீடு என்றால், சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம் வரை கட்டுமானக் குறைகளை வீடமைப்பாளரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று வீட்டு விற்பனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்து மூலம் தெரிவியுங்கள். கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் அவர்கள் செய்து தர வேண்டும். செய்யாவிட்டால், 2002 முதல் இயங்கிவரும் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு அங்கே இடமுண்டு. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 24 மாதம் முடிந்த பிறகு 12 மாதத்துக்குள் வழக்கைப் பதிந்துவிட வேண்டும். அவசரப்பட்டு நீங்களே கல்லைப் பெயர்த்துவிட்டால் சாட்சி போய்விடும். மறவாதீர்கள்!

இன்னும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிர்வாகம் கொடுத்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் சொல்கிறது. முதலில் தோட்ட ஆபீசில் எழுத்து மூலம் சொல்லுங்கள், ஒரு பிரதி கையில் இருக்கட்டும். நடக்கவில்லை என்றால் தொழிற்சங்கம் இருக்கிறது, தொழிலாளர் இலாகா இருக்கிறது. வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டே கை வையுங்கள்.

<b>தேவையான சாமான்கள்</b>

கல் ஒட்டும் பசைத்தூள், இடுக்குப் பூச்சுத்தூள் (கடையில் கிரவுட் என்று கேளுங்கள்), பூஞ்சை பிடிக்காத சிலிகான் ஒரு குழல், பல் வைத்த கரண்டி, சிறு உளி, சுத்தியல், பழைய இரும்பறுக்கும் வாள் அலகு, ஸ்பாஞ்சு, ரப்பர்க் கையுறை, கண்ணாடி. உடைந்த கல்லுக்கு மாற்றுக் கல் வேண்டுமானால் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதே பூவும் நிறமும் கிடைக்காவிட்டால் வெள்ளைக் கல்லையே வரிசையாகப் பதித்து அழகு செய்துவிடலாம்.

<b>செய்யும் முறை</b>

சுடுநீர்ப் பெட்டி இருந்தால் முதலில் அதன் மின்சாரத்தை மெயின் பெட்டியிலேயே நிறுத்திவிடுங்கள். அதன் கம்பி போகும் இடத்தில் உளி வைக்காதீர்கள்.

குறி போட்ட கல்லைச் சுற்றியுள்ள இடுக்குப் பூச்சை வாள் அலகால் சுரண்டி எடுங்கள். பிறகு உளியை ஓரத்தில் கொடுத்து மெல்ல நெம்பினால் கல் முழுசாக வரும். பக்கத்து நல்ல கல்லின் மேல் உளியைச் சாய்க்கக் கூடாது. கல்லின் முதுகிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் பழைய சாந்தைக் கொத்தி எடுங்கள். கொத்துவதற்கு முன் சிறிது நீர் தெளித்தால் தூசி மூக்கில் ஏறாது. சுவர்ப் பூச்சே மாவாக உதிர்ந்தால், கெட்டியான இடம் வரும்வரை எடுத்துவிட்டு, சிமெண்டும் மணலும் வைத்துப் பூசி ஆறவிடுங்கள்.

இப்போது பொறுமை வேண்டும். சுவர் நன்றாகக் காய வேண்டும். இரண்டு மூன்று நாள் காற்றாடி போட்டு வையுங்கள். ஒரே குளியலறைதான் என்றால், அந்த இடத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, எதிர் மூலையில் வாளி வைத்துக் குளியுங்கள். நம் அம்மாமார் குளித்த முறைதானே அது!

பசைத்தூளை, பையில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில், கட்டியில்லாமல் கரைத்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி கிளறுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகவே கரையுங்கள். இறுகிய பசையில் மீண்டும் தண்ணீர் விட்டு இளக்கினால் ஒட்டாது. இந்தப் பசைக்குக் கல்லை ஊற வைக்கத் தேவையில்லை. முதுகைத் துடைத்தால் போதும். சுவரில் பல் கரண்டியால் கோடு கோடாக இழுத்து, கல்லின் முதுகு முழுவதும் மெல்லியதாகத் தடவி, சற்று அசைத்து அழுத்துங்கள். முதல் கல்லை ஒட்டியதும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். முதுகில் பசை படாத இடம் இருந்தால் இன்னும் பசை வேண்டும் என்று பொருள்.

இடைவெளி சீராக இருக்கக் கல்லுக்கு நடுவே தீக்குச்சி செருகலாம். கல் கீழே நழுவாதிருக்க மேலே ஒட்டுத்தாள் போட்டுப் பிடித்துவையுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

மறுநாள் குச்சியை எடுத்துவிட்டு இடுக்குப் பூச்சைக் குழைத்து, ரப்பர்த் துண்டால் குறுக்காக இழுத்து நிரப்புங்கள். சற்று இறுகியதும் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைத்து, கடைசியில் உலர்ந்த துணியால் மெருகேற்றுங்கள். சுவரும் சுவரும் சேரும் மூலை, சுவரும் தரையும் சேரும் இடம், குழாய் வெளியே வரும் துளை ஆகியவற்றில் மட்டும் இந்தப் பூச்சு வேண்டாம். அங்கே அசைவு இருக்கும், பூச்சு வெடித்துவிடும். சிலிகான்தான் சரி. எல்லாம் முடிந்து இரண்டு நாளாவது அந்தச் சுவரில் தண்ணீர் படக் கூடாது.

<b>செய்யக் கூடாதவை</b>

விழுந்த கல்லைக் காகிதப் பசையாலோ வெறும் சிலிகானாலோ ஒட்டி ஒப்பேற்றாதீர்கள். சிமெண்டை வெறுங்கையால் குழைக்காதீர்கள், தோலைப் புண்ணாக்கும். கறை போக அசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது கறையோடு இடுக்குப் பூச்சையும் தின்றுவிடும். பிறகு கல் கழலாமல் என்ன செய்யும்? சோப்பு நீரும் தூரிகையும் போதும்.

சுவர் வயிறு தள்ளி நின்றாலோ, பாதிச் சுவருக்கு மேல் பொள்ளல் சத்தம் கேட்டாலோ, அடுக்குமாடியில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ அது நம் கைக்கு அடங்கிய வேலையல்ல. கொத்தனாரை அழையுங்கள். "பழையதைச் செங்கல்வரை கொத்தி எடுப்பீர்களா? நீர் புகாத பூச்சு அடிப்பீர்களா? கல்லின் முதுகு முழுவதும் பசை வைப்பீர்களா?" என்ற மூன்று கேள்விகளையும் முதலிலேயே கேட்டு, கூலியையும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பழைய கல்லின் மேலேயே புதுக் கல் ஒட்டிவிடலாம் என்பவரிடம், அடியில் உள்ளது ஆடிக்கொண்டிருக்கிறதே என்று சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை, குளியலறையைத் தேய்க்கும் நாளில், நாணயத்தால் நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். விரிசல் கண்ட இடுக்கை அன்றே அடைத்துவிட்டால், பின்னால் சுவரையே கொத்த வேண்டிய செலவு வராது. அப்படி மிச்சமாகும் வெள்ளி பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஆகட்டும்.

அடுத்த முறை, ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது எப்படி என்று பார்ப்போம்.