பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்றால் இளக்காரமா?



நம் சொந்தத்தில் ஒரு பிள்ளை விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். "அதைப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கடன் வாங்கியாவது இன்ஜினியரிங்கில் சேர்க்கப் போகிறார்களாம். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு நின்றவன். இருந்தாலும் சொல்கிறேன், அவள் விருப்பத்துக்கு விடுங்கள்.

என்னிடம் படித்தவர்களுக்கு மயில்துத்தம் ஞாபகம் இருக்கும். சூடாக்கினால் நீலம் போய் வெளுக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். அதில் இன்னொரு சங்கதியும் உண்டு. செம்புக் கம்பியைக் காந்தம் இழுக்காது. அதே செம்பு இருக்கும் மயில்துத்தத்தை லேசாக இழுக்கும். அந்த உப்பில் செம்பு, ஜோடி இல்லாத ஒற்றை எலக்ட்ரானோடு இருப்பதுதான் காரணம். சுற்றிலும் நான்கு நீர் மூலக்கூறுகள் அதை அணைத்து நிற்கின்றன. பிளஸ் டூவில் அணைவுச் சேர்மங்கள் என்று படித்தீர்களே, அதுதான்.

இதை ஆராய்ந்தவர் நம் தமிழர், கே.எஸ்.கிருஷ்ணன். 1898-இல் பிறந்த வத்திராயிருப்புப் பக்கத்துப் பிள்ளை. 1928-இல் ராமன் விளைவுக்கு ராமனோடு உழைத்தவர் என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். (எனக்கு இதில் நெடுநாள் வருத்தம்.) பிறகு டாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தத் தன்மையை வருஷக்கணக்கில் அளந்தார். ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார்கள். இழையின் மேல்முனையை முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். அதுவரை முறுக்கிய கோணத்தை வைத்து, எந்தத் திசையில் காந்தத் தன்மை எவ்வளவு கூடுதல், உள்ளே அணுக்கூட்டம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். மயில்துத்தத்தைப் பற்றி மட்டும் 1936-இலும் 1938-இலும் கட்டுரைகள் வந்தன. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று நம் மண்டகப்பட்டுக் குகையில் மகேந்திரவர்மன் வெட்டிவைத்தது எனக்கு ஞாபகம் வரும். 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி கிருஷ்ணனை உறுப்பினராக்கியது. அவர் ஆரம்பத்தில் பார்த்த வேலை, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர்!

நமக்கு இதனால் என்ன பிரயோசனம் என்பீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படம் தெளிவாக விழ சிலருக்கு ஊசி வழியே ஒரு மருந்து ஏற்றுகிறார்களே, அது கடோலினியம் என்ற உலோகத்தின் அணைவுச் சேர்மம். அதில் ஜோடி இல்லாத எலக்ட்ரான்கள் ஏழு.

இந்தப் பாதை சுலபம் என்று சொல்லமாட்டேன். பிஎச்.டி. முடிக்க 28 வயதாவது ஆகும், நடுவில் கல்யாணப் பேச்சு வரும். ஆனால் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இன்ஜினியரிங்குக்குக் கடன் வாங்கிவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் நம் தெருவிலேயே எத்தனை பேர், எண்ணிப் பாருங்கள்.

கெமிஸ்ட்ரி படித்து வேலையில் இருக்கும் என் மாணவர்கள், எங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அவள் அப்பா தினமும் இதைப் பார்க்கிறவர். கலந்தாய்வு அன்று துணைக்கு ஆள் இல்லையென்றால் நானே அவளோடு பஸ்ஸில் போய் வருகிறேன்.