கட்டாத வீட்டில் காலடி!

வீடு கட்ட நினைத்தால் முதலில் என்ஜினீயர் காகிதத்தில் பிளான் போடுகிறார். அந்தக் கோடுகள் அவருக்குப் புரியும். மேஸ்திரிக்கும் புரியும். வாழப் போகிற குடும்பத்துக்குப் புரியுமா? "சரி, சரி" என்று தலையாட்டுவார்கள். சுவர் எழும்பிய பிறகுதான், "ஐயோ, அடுப்படி இவ்வளவு குறுகலா?" என்று கலங்குவார்கள். இடித்துக் கட்டினால் பணம் பாழ். இடிக்காவிட்டால் ஆயுள் முழுவதும் அவதி.

இச்சங்கடத்துக்கு விஞ்ஞானம் வழி கண்டிருக்கிறது. கண்களை மறைக்கும் ஒரு கருவியைத் தலையில் மாட்டிக் கொண்டால், கட்டாத வீடு கண்முன் நிற்கும். திரும்பினால் ஜன்னல் தெரியும். குனிந்தால் தரை தெரியும். இதை 'மெய்நிகர் உலகம்' என்கிறார்கள்.

1968-ல் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லண்ட் இத்தகைய கருவியைச் செய்து காட்டினார். அதைக் கூரையோடு இணைத்திருந்தார்கள். தெரிந்தது வெறும் கோட்டுப் படம்தான். ஆனால் தலை அசைந்தால் படமும் அதற்கேற்ப மாறியது!

சுவர் நகர்ந்தது

1980-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக் கழகத்தில் 'சிட்டர்சன் ஹால்' என்ற கட்டடம் எழுப்பத் திட்டமிட்டார்கள். பேராசிரியர் பிரெடரிக் புரூக்ஸின் குழுவினர் அதை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் உருவாக்கினார்கள். அங்கே வேலை செய்யப் போகிறவர்கள் அந்தக் கம்ப்யூட்டர் கட்டடத்தில் உலாவிப் பார்த்தார்கள். முன்கூடத்தில் ஒரு தடுப்புச் சுவர் இடத்தை நெருக்குகிறது என்றார்கள். கட்டடக் கலைஞர்கள் முதலில் ஒப்பவில்லை. தாங்களும் உலாவிப் பார்த்த பிறகு ஒப்புக் கொண்டார்கள். சுவர் இடம் மாறியது!

இதில் பெரிய லாபம் யாருக்கு? படம் வரையும் நிபுணருக்கு அல்ல. பிளான் படிக்கத் தெரியாத சாதாரண மனிதருக்குத்தான். அவர் சொல்லுக்கும் மதிப்பு வந்துவிட்டது.

எச்சரிக்கையும் வேண்டும்

கருவி காட்டுவது கண்ணுக்கு மட்டுமே. சித்திரை வெயிலில் அந்த அறை எப்படிக் கொதிக்கும்? மழைக் காலத்தில் சுவர் ஓதம் காக்குமா? பார்க்கிறவருக்கு இவை தெரியாது. அழகைக் கண்டு மயங்கி அனுபவசாலியின் யோசனையைத் தள்ளிவிடக் கூடாது.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற பொதுக் கட்டடங்களை எழுப்புகிறவர்கள் இம்முறையைக் கையாள வேண்டும். ஆசிரியையும் நர்சும் முதலில் உள்ளே நடந்து பார்க்கட்டும். அவர்கள் குறை சொன்னால், திருத்திய பிறகே கடைக்கால் தோண்டட்டும். செங்கல்லை இடிப்பதைவிடக் கோட்டை அழிப்பது சுலபம் அல்லவா?