கட்டுப்படியாகிறவர்களின் ஜூரி

ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே வெளியே குதித்தார் கில்பர்ட் தீல். உயிர் பிழைத்தவர், சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். தன் சித்தம் அன்று நிலையில் இல்லை. அது நிறுவனத்தின் ஆட்களுக்குத் தெரிந்திருந்தும், துணைக்கு ஆள் இல்லாமல் தன்னை ரயிலில் ஏற்றிக்கொண்டார்கள் என்பது அவர் வாதம். சான் பிரான்சிஸ்கோவில் தொடுத்த அந்த வழக்கு, வடக்கு கலிபோர்னியாவுக்கான கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாறியது. ஜூரி, ரயில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஜூரிப் பட்டியலையே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று தீலின் தரப்பு முன்னதாகவே ஓர் ஆட்சேபம் எழுப்பியிருந்தது. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதலாளிகள், இல்லையென்றால் முதலாளிகளின் கண்ணால் உலகத்தைப் பார்ப்பவர்கள் என்றது. பட்டியல் தயாரித்த நீதிமன்ற எழுத்தரும் ஜூரி ஆணையரும் சாட்சிக் கூண்டில் எதையும் மறைக்கவில்லை. நாள்கூலிக்காரர்களை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டதாக இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஜூரிக்குத் தினப்படி 4 டாலர். பத்து டாலர் சம்பாதிக்கும் கொத்தனாரைக் கூப்பிட்டால் அவர் நீதிபதியிடம் போய் எனக்குக் கட்டுப்படியாகாது என்பார். நீதிபதியும் இரக்கப்பட்டு விட்டுவிடுவார். அப்புறம் எதற்கு அவருக்குச் சம்மன் அனுப்புவது?

1946 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஃபிராங்க் மர்ஃபி. தீலின் வழக்கை விசாரித்த பன்னிருவரில் உழைக்கும் வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள் சிலர் இருக்கத்தான் செய்தார்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னது எடுபடவில்லை. ஒரு வர்க்கத்தையே பட்டியலிலிருந்து கழித்துவிட்டால், குறிப்பிட்ட வழக்கில் அதனால் கெடுதல் நடந்ததா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கழித்ததே குற்றம் என்று நீதிமன்றம் கருதியது. கூடவே மர்ஃபி ஒன்றைச் சொன்னார்: வருமானம் கொஞ்சம் குறைகிறது என்பது மட்டும் இந்தக் கடமையிலிருந்து விலகப் போதாது, நிஜமான சுமையாகவும் கஷ்டமாகவும் இருந்தால் தனிப்பட்ட முறையில் விலக்குத் தரலாம்.

தத்துவம் வென்றது. தினப்படி மட்டும் போதிய அளவுக்கு வளரவில்லை. எழுத்தர் செய்த வேலையை இப்போது அந்தத் தொகையே செய்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் ஜூரி விசாரணை முடிந்துபோனதால், நம் வாசகர்களுக்கு இந்தச் சுமை பழக்கமில்லாதது. அமெரிக்காவில் அது சாதாரணக் குடும்பங்களின் தபால் பெட்டிக்கு வந்து விழுகிறது. கூட்டாட்சி நீதிமன்றத்தின் சம்மனை உரிய காரணமின்றிப் புறக்கணித்தால் 1,000 டாலர் வரை அபராதம், மூன்று நாள் வரை சிறை, சமூக சேவை ஆகியவை காத்திருக்கின்றன. சம்மனை மதித்துப் போகிறவருக்கு அதே நீதிமன்றம் கொடுப்பது நாளுக்கு 50 டாலர். 1990-ல் நிர்ணயித்த 40 டாலரை இந்த அளவுக்கு உயர்த்த 28 ஆண்டுகள் ஆயின. அந்த நாட்டின் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், எட்டு மணி நேரத்துக்கு 58 டாலர். தான் விதித்த குறைந்தபட்சக் கூலியைக்கூடத் தராமல் குடிமக்களிடம் வேலை வாங்குகிறது அரசு. அந்த 50 டாலருக்கும் வருமான வரிக் கணக்கு காட்ட வேண்டும்.

மாநில நீதிமன்றங்களில் நிலைமை இன்னும் மோசம். கலிபோர்னியாவில் முதல் நாளுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டாம் நாளிலிருந்து 15 டாலர். 2024-ல் அந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர். அதாவது, ஒரு பகல் முழுக்க கொலை வழக்கின் சாட்சியத்தைக் கேட்டவருக்குக் கிடைப்பது, கடையில் ஒரு மணி நேரம் நின்றவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. வாஷிங்டன் மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் 1959-ல் வைத்த 10 டாலர் அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அப்படியே நின்றது. டெக்சாஸ் 2023 வரை முதல் நாளுக்கு 6 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது.

தொகை சிறியது என்பதைவிட, அது எல்லோரையும் ஒரே மாதிரி அழுத்துவதில்லை என்பதே பெரிய அநியாயம். ஜூரிக்குப் போனவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடு என்று சொல்லவில்லை. ஆனால் தொழிலாளர் விதிமுறைகளில் ஒரு மூலையில் வேறொரு பாதுகாப்பு இருக்கிறது: நிர்வாகம் போன்ற பணிகளில் மாதச் சம்பளம் வாங்கி, மிகைநேர ஊதிய விதிக்கு வெளியே இருக்கும் ஊழியர், வாரத்தில் சில நாள் ஜூரிக்குப் போனாலும் அவர் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மேலாளர் ஜூரிப் பெட்டியில் உட்கார்ந்தால் அவர் வங்கிக் கணக்கு அசையாது. அவருக்குக் கீழே பெட்டி சுமப்பவர் உட்கார்ந்தால் வீட்டு வாடகை நிற்கும். ஊபர் ஓட்டுபவர், வீடுகளில் வேலை செய்பவர், சிறுகடை நடத்துபவர் ஆகியோருக்குச் சம்பளம் தர நிலையான முதலாளி என்று ஒருவரே கிடையாது.

இவர்கள் என்ன செய்வார்கள்? நீதிபதியிடம் கஷ்டத்தைச் சொல்வார்கள். நீதிபதி கல்நெஞ்சர் அல்ல, அனுப்பிவிடுவார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விலக்கும் கருணைதான். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் 1946-ல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த அதே பட்டியல் வந்து நிற்கிறது. அரசு ஊழியர்கள், பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், பணக் கவலை இல்லாதவர்கள். கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் வழக்கறிஞர் வைக்க வசதியில்லாமல் அரசு நியமித்த வழக்கறிஞரை நம்பியிருப்பவர். அவர் தெருவில் வசிப்பவர்கள் அந்தப் பன்னிருவரில் இல்லை. இரவு ஷிப்டு முடிந்து இரண்டு பஸ் மாறி வீடு திரும்புகிறவன் அந்த நேரத்தில் ஏன் அந்த முனையில் நின்றான் என்பது, அப்படித் திரும்பிப் பழகியவருக்குச் சந்தேகமாகவே படாது. போலீஸ்காரர் சொல்லும் ஒரு வாக்கியத்தை எவ்வளவு நம்பலாம் என்பதும் அவரவர் வாழ்க்கை கற்றுத்தந்த பாடம்தான். ஜூரி முறையின் நியாயமே பலதரப்பட்ட வாழ்க்கைகள் ஒரே அறையில் உட்கார்ந்து வாதாடுவதில்தான் இருக்கிறது. ஒரு தரப்பு அறைக்குள்ளேயே வராவிட்டால் சட்டம் தெரிந்த நீதிபதி ஒருவரே போதுமே, இத்தனை செலவு எதற்கு?

வழக்கு நீள நீள இந்தச் சல்லடை இன்னும் நுணுக்கமாகச் சலிக்கிறது. ஓ. ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கின் ஜூரிகள் 1995-ல் 265 நாட்கள் வீட்டுப் பக்கமே போகாமல் ஹோட்டலில் அடைபட்டிருந்தார்கள். தினப்படி 5 டாலர். அந்த நிபந்தனைக்கு யாரால் சரி சொல்ல முடியும் என்பதுதான் அங்கே நடந்த முதல் தேர்வு. நீதிபதி லான்ஸ் இட்டோ ஏராளமானோரைச் சிரமத்தின் பேரில் அந்தக் கட்டத்திலேயே விடுவித்தார். லண்டனில் இந்தப் பிரச்சினை இன்னொரு விதமாக வெடித்தது. சுரங்க ரயிலின் ஜூபிலி பாதை நீட்டிப்பில் ஊழல் நடந்ததாகத் தொடுத்த வழக்கு 2003 ஜூனில் தொடங்கி, 2005 மார்ச்சில் தீர்ப்பே இல்லாமல் சரிந்தது. சுமார் 6 கோடி பவுண்டு வீண். சரிவுக்குப் பல காரணங்கள் உண்டு. பணக் கஷ்டத்தால் இனி என்னால் வர முடியாது என்று ஒரு ஜூரி மறுத்ததும் அவற்றில் ஒன்று. ஜூரி இழந்த வருமானத்தை இங்கிலாந்து ஈடுசெய்யத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இருபத்தொரு மாதம் வேலையை விட்டு விலகியிருந்ததில் பதவி உயர்வு தவறியது போன்ற இழப்புகளுக்கு அந்த வரம்புக்குள் இடமே இல்லை.

காசு வாங்கிக்கொண்டு செய்தால் கடமையின் மதிப்பு குறையும் என்று சிலர் சொல்வதுண்டு. இந்த வாதத்துக்கு வயது இரண்டாயிரத்து நானூறுக்கு மேல். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் ஜூரிகளுக்குப் படி கொடுக்கும் வழக்கத்தைப் பெரிக்ளிஸ் கொண்டுவந்தார். பின்னால் வந்த தலைவர் கிளியோன் அதை மூன்று ஓபோல் காசாக உயர்த்தினார். அன்றே வசதி படைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். நாடகாசிரியர் அரிஸ்டோஃபனிஸ் ‘குளவிகள்’ நாடகத்தில் படிக்காக அலையும் கிழ ஜூரிகளைக் கேலி செய்தார். ஆனால் அந்தச் சில்லறைக் காசுதான் ஏழைக் குடிமகனை நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்தது. நீதிபதிக்கும் அரசு வழக்கறிஞருக்கும் சுருக்கெழுத்தருக்கும் வாசல் காவலருக்கும் சம்பளம் உண்டு. அதனால் அவர்களின் கடமை மதிப்பிழந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. அந்த அறையில் ஜூரியிடம் மட்டும் தியாகம் கேட்பது எந்த நியாயத்தில்?

கொடுத்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதைத் தீல் வழக்குப் போட்ட அதே சான் பிரான்சிஸ்கோ 2022-ல் சோதித்தது. குடும்ப வருமானம் அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களில், முதலாளியிடமிருந்து சம்பளம் கிடைக்காதவர்கள், சுயதொழில் செய்பவர்கள், வேலையில்லாதவர்கள் ஆகியோருக்கு நாளுக்கு 100 டாலர். அதை வாங்கியவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், இந்தப் பணம் இல்லாவிட்டால் தங்களால் வந்திருக்கவே முடியாது என்று சொன்னார்கள். கடமையைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்று பல காலமாகப் பழி சுமந்தவர்கள், கையில் நூறு டாலர் வந்ததும் வந்து உட்கார்ந்தார்கள்.

செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. மாசசூசெட்ஸ் முதல் மூன்று நாள் சம்பளத்தை முதலாளியே தர வேண்டும் என்கிறது. நான்காம் நாளிலிருந்து மாநிலம் 50 டாலர் கொடுக்கிறது. அங்கே பெரும்பாலோரின் கடமை ஒரே நாளில் முடிந்துவிடுவதால் இது ஓடுகிறது. ஆனாலும் இரண்டு ஆள் வைத்து நடத்தும் கடைக்காரருக்கு மூன்று நாள் கூலி சின்னத் தொகை அல்ல. பொதுக் காரியத்தின் செலவைத் தனி ஒருவரிடம் வாங்கக் கூடாது. அரிசோனாவின் வழி இதைவிட யோக்கியமானது: வழக்குத் தொடுப்பவர்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு நிதி திரட்டி, நீண்ட விசாரணைகளில் வருமானம் இழக்கும் ஜூரிகளுக்கு நாளுக்கு 300 டாலர் வரை ஈடு கொடுக்கிறது. மினசோட்டா, ஜூரியாக வருபவரின் குழந்தைப் பராமரிப்புச் செலவையும் திருப்பித் தருகிறது. தாய்மார்களை நீதிமன்றத்துக்கு வரவிடாமல் செய்வது பெரும்பாலும் அந்தச் செலவுதான்.

இல்லினாய் தேர்ந்தெடுத்த குறுக்குவழியையும் சொல்ல வேண்டும். படியை உயர்த்திய அதே சட்டத்தில், சிவில் வழக்குகளுக்குப் பன்னிரண்டு பேருக்குப் பதில் ஆறு பேர் போதும் என்று சேர்த்தது அந்த மாநிலம். 2016-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஆறு பேர் ஜூரி அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. சரியான தீர்ப்பு. ஏழைக்கு நாற்காலி போடுவதற்காக மொத்த நாற்காலிகளைப் பாதியாக்கினால், விதவிதமான மனிதர்கள் உட்கார இருக்கும் இடமே சுருங்கிப்போகும்.

தொகையை ஒருமுறை உயர்த்திவிட்டு மறந்துபோனால் விலைவாசி அதை மறுபடி தின்றுவிடும். நியூயார்க் 40 டாலரை 2025-ல் 72 ஆக்கியிருப்பது நல்ல செய்தி. இன்னும் பத்தாண்டு கழித்து 72 எதற்குக் காணும் என்பதற்கு அந்தச் சட்டத்தில் விடை இல்லை. நியூ மெக்சிகோவில் இருக்கிறது: அங்கே ஜூரிக்கு மாநிலக் குறைந்தபட்சக் கூலி மணிக்கணக்கில் கிடைக்கிறது. 2023 முதல் அது மணிக்கு 12 டாலர். அந்தக் கூலி ஏறும்போது ஜூரியின் கூலியும் தானாக ஏறும். கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கும் இந்த முறை வர வேண்டுமானால், 2009-லிருந்து அசையாத 7.25 டாலரோடு முடிச்சுப் போட்டுப் பயனில்லை. நீதிமன்றம் இருக்கும் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியை அடித்தளமாக வைத்து, மணிக்கூலிக்காரர் அதற்கு மேல் இழப்பதை அரிசோனாவைப் போன்ற ஒரு நிதியிலிருந்து ஈடுசெய்யும்படி அமெரிக்க காங்கிரஸ் சட்டத்தைத் திருத்த வேண்டும்.