ஆறப் பொறுத்த பீர்

மொழிபெயர்க்கும்போது சில சொற்கள் தாமே செய்முறையைச் சொல்லிவிடும். ‘லாகர்’ அப்படி ஒன்று. ஜெர்மன் மொழியில் ‘லாகர்ன்’ என்றால் சேமித்து வைத்தல்.

பவேரியாவில் 1553இல் கோடைக்காலத்தில் பீர் காய்ச்சத் தடை வந்தது. குளிர்காலத்தில் காய்ச்சி நிலவறைகளில் வைத்தார்கள். குளிருக்கு ஈடுகொடுத்த ஈஸ்ட் நிலைத்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் எமில் ஹான்சென் 1883இல் அதைத் தனியே பிரித்து வளர்த்தார்.

அமெரிக்கர்கள் வீட்டில் பீர் காய்ச்ச 1978இல் மத்திய சட்டம் வழிவிட்டது. இன்று அவர்கள் இந்த ஈஸ்ட்டைப் பொட்டலமாகவே வாங்குகிறார்கள். எந்தப் பொட்டலம் என்று நாள்கணக்கில் யோசிப்பவர்களும் கடைசியில் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

லாகர் ஈஸ்ட்டுக்கு 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் தேவை. முடிவில் இரண்டு மூன்று நாள் 16 டிகிரிக்கு மேல் வைத்தால், தான் உண்டாக்கிய வெண்ணெய் வாடையைத் தானே தின்று தீர்த்துவிடும். பிறகு, உறையாத குளிரில் நான்கு முதல் ஆறு வாரம். அப்போதுதான் கந்தக வாடை அடங்கும், கலங்கல் தெளியும்.

அத்தனை குளிருக்கும் காலத்துக்கும் வழியில்லையா? 20 டிகிரியில் வேலை செய்யும் ஏல் ஈஸ்ட்டை வாங்குவதே நேர்மை. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறவும் பொறுக்க வேண்டுமே!