ஒலி ஒப்புமை பிரமாணமாகாது

தமிழின் ‘நீ’யும் சீனத்தின் ‘நீ’யும் ஒரே அர்த்தம் தருவதால் இரு பாஷைகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்று நண்பர் சாதிப்பதை நான் ஏற்பதற்கில்லை. ‘நே’ என்னும் சப்தம் கிரேக்கருக்கு ‘ஆம்’ என்றும், அவர்க்கு அண்டை நாட்டவராகிய பல்கேரியருக்கு ‘இல்லை’ என்றும் பொருள்படுகிறது. அவ்விரு பாஷைகளோ மெய்யாகவே ஒரு குடும்பத்தவை! நம் ‘மாமா’ ஜார்ஜிய பாஷையில் பெற்ற தகப்பன். ஆஸ்திரேலியாவின் ம்பபரம் பாஷையிலோ, ஆங்கிலத்தோடு யாதொரு சம்பந்தமுமின்றியே, நாய்க்கு ‘டாக்’ என்று பெயர்.

பால் ‘ஹாலு’ என்றும், புலி ‘ஹுலி’ என்றும், பல் ‘ஹல்லு’ என்றும் தமிழின் சொல்முதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாக நிற்கும் நியதியன்றோ உறவுக்குச் சான்று! அத்தகைய நியதி ஒன்றையேனும் தமிழுக்கும் சீனத்துக்கும் இடையே நண்பர் எடுத்துக்காட்டட்டும். காட்டும் வரையில் அவர் வாதம் நிலைபெறாது.