'இ' இடம் மாறிய கதை

1990களின் இறுதியில் கணினித் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் திரையில் குப்பையாக விழும். அதற்கு முடிவுகட்ட, 'முரசு அஞ்சல்' மென்பொருளைத் தந்த மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் உள்ளிட்ட தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து 'திஸ்கி' என்ற குறியாக்க அட்டவணையை வகுத்தார்கள்.

அதில் 'இ' 173ஆம் இடத்தில் இருந்தது. தாளில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் சில மென்பொருள்கள் அந்த இடத்தை, வரி மடங்கும்போது மட்டும் தெரியவேண்டிய இணைப்புக்கோடாக எடுத்துக்கொண்டு எழுத்தையே மறைத்தன. 'இன்று' வெறும் 'ன்று' ஆனது. கோளாறு உங்கள் மென்பொருளில் என்று வகுத்தவர்கள் கைவிரித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 1.7ஆம் பதிப்பில் 'இ' 254ஆம் இடத்துக்குப் போனது.

தொழில்நுட்பக் கையேடு எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். 'நன்றாக இருக்கிறது' என்ற பாராட்டு எழுதியவருக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. 'நான்காம் படியில் மாட்டிக்கொண்டேன்' என்பவர்தான் உண்மையாக உதவுகிறார். அவர் சொல்லும் தீர்வு தவறாக இருக்கலாம். மாட்டிக்கொண்ட இடம் தவறாக இருக்காது. 'சரியாகப் படியுங்கள்' என்று பதில் போனால் அவர் மறுபடி வாய் திறக்க மாட்டார்.

எல்லாவற்றையும் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஏற்காததற்குக் காரணம் எழுதித் தந்தால் போதும். ஆனால் பிழை சொன்னவரை மதிக்கவேண்டும். கணினி அறிஞர் டொனால்ட் நூத் தம் நூல்களில் ஒரு பிழையை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பினார். வாங்கியவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் பத்திரப்படுத்தினார்கள்.

2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாட்டை நடத்திய ஊர் கோலாலம்பூர். அந்த ஊர் அமைந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று தமிழில் வழிகாட்டி வெளியிடும் வங்கிகளும் மருத்துவமனைகளும் அலுவலகங்களும் அச்சுக்குப் போகுமுன் வரைவைப் பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் ஒருவரிடமும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு மூத்தவரிடமும் கொடுத்து, அதன்படி செய்துபார்க்கச் சொல்லட்டும். எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து, விளக்கம் சொல்லாமல் குறிப்பெடுக்கட்டும். குறை சொல்ல ஒரு தொலைபேசி எண்ணைக் கடைசிப் பக்கத்தில் அச்சிடுங்கள். அடுத்த பதிப்பில் எது மாறியது, எது ஏன் மாறவில்லை என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.